சொந்த உபயோகத்துக்கு மட்டும்

"இதை ஒட்டினது யாரு?" என்று கேட்டார் நெடுஞ்சாலைப் போலீஸ்கார அம்மா மெக்நீல்.

வெர்லின் பிக்கப்பிலிருந்து இறங்கி, பின்னால் கோத்து இழுத்து வந்த, குதிரை ஏற்றிய இழுவை வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். 'ஸ்ட்ரௌட் சாம்பியன் பந்தயக் குதிரைகள்' என்று பெரிய பெரிய சிவப்பு எழுத்துகள். முந்தாநாள்தான் ஒட்டியது. அடியில் காற்றுக் குமிழிகள்கூட இன்னும் அடங்கவில்லை.

"நான்தான் மேடம். சும்மா ஒரு அழகுக்கு."

"அழகுக்குன்னா சரி. தொழிலுக்குன்னா இது பிக்கப் இல்ல, லாரி. பின்னாடி இழுக்கறதையும் சேர்த்தா எடை அந்தக் கணக்குல வருது." அவர் விரல் விட்டு எண்ணினார். "கதவுல பதிவு நம்பர் இருக்கணும், டாக்டர் சான்று இருக்கணும், எத்தனை மணி நேரம் ஓட்டினீங்கன்னு குறிப்பு இருக்கணும். இருக்கா?"

"இல்லீங்க. இது சொந்த உபயோகம் மேடம்."

"ரோட்டுல போற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரணும். வரலேன்னா வண்டி இங்கேயே நிக்கும்."

மணி ஒன்றேகால். இரண்டரைக்குப் பந்தயம். மைதானத்தில் மகள் ஷெல்பி சேணத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெர்லினின் சட்டைப்பையில் போன் ஐந்தாவது தடவையாகத் துடித்தது.

 இழுவை வண்டிக்குள் நின்ற குதிரை பிஸ்கட், இன்றைக்கு மைதானத்தில் வைத்திருக்கும் மூன்று பீப்பாய்களைச் சுற்றிப் பந்தயம் ஓடியே ஆகவேண்டும். குளிர் வருவதற்குள் வீட்டுக் கூரையை மாற்றிவிடுவதாக மனைவிக்குக் கொடுத்த வாக்கு, அந்தப் பெட்டைக் குதிரையின் நாலு கால்களில் நின்றுகொண்டிருந்தது.

மெக்நீல் பிக்கப்பின் முன் சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே கிரேடி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, சவரம் செய்த முகம், மடியில் குதிரைக்கு மாட்டும் புத்தம்புதிய நீலத் தலைக்கயிறு ஒன்று.

"இவர் யாரு?"

"சிநேகிதர் மேடம். பந்தயம் பார்க்க வர்றார்." வெர்லின் திரும்பி, "அப்படித்தானேங்க?" என்றார்.

கிரேடி தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார். 

"சரி, நேராவே கேக்கறேன்," என்றார் மெக்நீல். "சாம்பியன்னு எழுதியிருக்கு. பரிசு வாங்கி வாங்கி அதுல குடும்பம் நடக்குதுன்னா அது தொழில். உள்ள நிக்கிற குதிரை ஜெயிக்கறதா?"

வெர்லின் கிரேடியைப் பார்த்தார். கிரேடி வெர்லினைப் பார்த்தார். எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஜெயிக்கறதா? இவளா?" என்றார் வெர்லின். முதல் வாக்கியத்துக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அப்புறம் எல்லாம் தானாக வந்தது. "நாலு வருஷமா ஓட்டறோம் மேடம், ஒரு பரிசு ரிப்பன்கூட வீட்டுக்கு வரல. முதல் பீப்பாயைச் சுத்துவா. ரெண்டாவதைத் தள்ளிவிடுவா. மூணாவது எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது."

மெக்நீலின் உதட்டோரம் லேசாக இழுபட்டது. வெர்லினுக்கு அது போதுமாக இருந்தது.

"போன மே மாசம் பாதியில மைதானத்தை விட்டுட்டு நேரா பாப்கார்ன் கடைக்குப் போயிட்டா. என் பொண்ணு முதுகுல உக்காந்து அழுவுது, இவ பாட்டுக்குத் தின்னுட்டு நிக்கிறா. அது போகட்டும், குளிர் விழுந்தா இடது முழங்கால் வீங்கிடும். ரெண்டு நாள் ஐஸ் கட்டினாத்தான் எழுந்து நிப்பா."

கிரேடி மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் போய், குனிந்து, கம்பி இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார்.

"அப்புறம் எதுக்குய்யா இந்த சாம்பியன்?" என்றார் மெக்நீல்.

"எங்க ஊர்ல கோழி வெச்சிருக்கறவன்கூட சாம்பியன்னு ஒட்டிக்கிறான் மேடம். ஆசைதான்."

மெக்நீல் சிரித்தேவிட்டார். கையிலிருந்த நோட்டை மூடினார். "இதைப் போய் தொழில்னு எழுதினா ஆபீஸ்ல என்னைத்தான் கேலி பண்ணுவாங்க. சொந்த உபயோகம்தான், போங்க. முதல்ல அந்த எழுத்தைக் கிழிச்சுப் போடுங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான். வெர்லின் அங்கேயே நகத்தைக் கொடுத்து 'சாம்பியன்' என்பதை மட்டும் உரித்து, சுருட்டி, சீட்டுக்கு அடியில் போட்டார். கிரேடி ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினார்.

மணி ஒன்று முப்பத்தைந்து. ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. கண்ணாடியில் போலீஸ் கார் புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

"நேரத்துக்குப் போயிடலாங்க. இவ ஓடறதை நீங்க கண்ணால பாக்கத்தான் போறீங்க," என்றார் வெர்லின். "எப்படி, போலீஸையே நம்ப வெச்சுட்டேன் பாத்தீங்களா? அத்தனையும் பொய்."

 கிரேடி மடியிலிருந்த நீலத் தலைக்கயிற்றை நிதானமாகச் சுற்றிச் சுற்றி, தன் பைக்குள் வைத்து மூடினார்.

"எதுங்க பொய்?" என்று கேட்டார். "அந்தம்மாகிட்ட சொன்னதா, இவளுக்கு விலை பேசினப்ப என்கிட்ட சொன்னதா?"