ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்

இரவு பதினொரு மணிக்கு அம்மாவின் கட்டிலோரம் வந்து நின்றாள் மகள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

அம்மாவும் தூங்கவில்லை. ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரியில் விடும் நிலையத்துக்கு அவள்தான் பொறுப்பு. ஏரியில் பாசி மண்டாமலிருக்க, அந்தத் தண்ணீரில் பாஸ்பரஸ் சட்டம் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. போன வாரம் அனுப்பிய சாம்பிளிலோ மூன்று மடங்கு இருந்ததாம். காலையில் விசாரணை. வேலையே போகலாம்.

"போன வாரம் அனுப்புறதுக்கு ஃப்ரிட்ஜ்ல சாம்பிள் பாட்டில் வச்சிருந்தியே... அதைக் காலி பண்ணினது நான்தாம்மா. அப்புறம்தான் லேபிளைப் பார்த்தேன். பயத்துல வேற தண்ணி ரொப்பி வச்சுட்டேன்."

"எந்தத் தண்ணி?"

"குழாயில வரல. மீன் தொட்டியில மொண்டேன்."

அம்மா துள்ளி எழுந்து, மகளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "அடி என் தங்கமே! மீன் தீனியிலயும் எச்சத்துலயும் பாஸ்பரஸ்தானே! அப்போ குத்தவாளி மீன்தானா? விடிஞ்சதும் அதிகாரிகிட்ட உண்மையைச் சொல்லி, புதுசா சாம்பிள் எடுக்கச் சொல்றேன்."

சத்தம் கேட்டு அப்பா எட்டிப் பார்த்தார். அம்மா வேலை முடிந்து வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர் அவர்.

"ஆமா, என் சாம்பிள் தண்ணியை எங்கடி கொட்டினே?" என்றாள் அம்மா.

"கொட்டலம்மா." மகள் அப்பாவைப் பார்த்தாள். "அன்னிக்கு அப்பா எலுமிச்சை ஜூஸ் கேட்டாரு. ரொம்ப நல்லாயிருக்குன்னு இன்னொரு டம்ளர் வேற..."

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்.

"ஓடுங்க, ஓடுங்க!" அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எப்படியும் நாளைக்கு என்கிட்டதானே வந்து சேரணும்!"