முதலிடத்தில் ஒரு பாத்ரூம்

காலை ஷிஃப்ட் முடிந்து வந்த வேலுமணி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அந்த அக்கறையைப் பார்த்து அவன் மனைவி அம்சவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை.

குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் தண்ணீர் போகாமல் குளம் கட்டி நின்றது. டவுன்ஷிப் பராமரிப்பு ஆபீஸின் இணையதளத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் ஓடிவிட்டது. "அது சரியானதும் சொல்லும்மா, கெளம்பி வந்துடறேன்" என்று அவளுடைய அண்ணன் வைத்திலிங்கம் திருச்சியில் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணனைப் பார்க்காமல் அம்சவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. போன முறை தீபாவளிக்கு வந்தவர், பொங்கல் கரும்பைக் கடித்துவிட்டுத்தான் மனசில்லாமல் கிளம்பினார். அதுவரை கட்டிலை அவருக்கு விட்டுக்கொடுத்து, ஹாலில் பாய் போட்டுப் படுத்த கணவனின் பெருந்தன்மையை அவள் இன்னும் மறக்கவில்லை.

"இன்னிக்கு என்னங்க எழுதுனீங்க?"

"நேத்து 'தண்ணி நிக்குது'ன்னு இருந்துது. இன்னிக்கு 'தண்ணி ரொம்ப நிக்குது'ன்னு திருத்திட்டேன்." திரையைத் திருப்பிக் காட்டினான். "பாரு, நம்ம புகார்தான் உச்சியில. மச்சான் வந்து சிரமப்படக் கூடாதில்ல?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அவனுக்கு முட்டை தோசை, அதுவும் கேட்காமலே.

மறுநாள் பக்கத்து வீட்டுக் காந்திமதி எட்டிப் பார்த்து, "எங்க பாத்ரூமைச் சரி பண்ணிட்டாங்கக்கா" என்றாள். இவர்களுக்குப் பின்னால் புகார் கொடுத்தவள், கொடுத்ததையே மறந்துபோனவள். அம்சவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரர் தினமும் வேலை மெனக்கெட்டு எழுதறாரு. லிஸ்ட்டுல நாங்கதான் முதல்ல இருக்கோம். எங்களுக்கு மட்டும் ஏன் சார் ஆள் வரல?"

கிளார்க் சடையப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "மேல இருக்கறதெல்லாம் புதுசுங்க. நாங்க கீழேருந்து, பழசைத்தான் மொதல்ல பாத்துக்கினு வருவோம். எழுதுனதுல ஒரு எழுத்தைத் திருத்துனாலும் தேதி மாறி, புதுப் புகாராட்டம் மேல போயிடும். தொடாம வுட்டிருந்தா அப்பவே ஆள் வந்திருப்பாங்க."

அம்சவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. சூதுவாது தெரியாத மனுஷன், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிப் போயிற்றே.

"இந்த விவரமெல்லாம் அவருக்குத் தெரியாது சார். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சடையப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"மொத நாளே வந்து, ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுக்கினு போனாருங்களே."