ஒன்றும் ஆகாதவர்

அவர் ஒருவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

மாசிலாமணி வீட்டுப் புதுமனை விருந்தில் சாப்பிட்டவர்கள் என்று பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர்கள். நாற்பத்திரண்டு பேர் இந்த ஆஸ்பத்திரியில். மாசிலாமணியின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு வயது மகள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள்.

மாசிலாமணியைப் பார்க்க வந்த அவரைச் சுகாதார ஆய்வாளர் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண். கையில் படிவம்.

கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டதாம். எந்தப் பண்டத்தில் வந்தது என்பதுதான் தெரியவில்லை. மிச்சம் மீதியை அன்றைக்கே கொட்டிக் கழுவிவிட்டார்கள்.

"எல்லாரும் எல்லாத்தையும் சாப்பிட்டிருக்காங்க சார். நீங்க எதை விட்டீங்கன்னு சொன்னா போதும்."

தானும் வாந்தியெடுத்துச் சோர்ந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மாசிலாமணியின் மனைவி, சார் கறிக்குழம்பைப் பிரமாதம் என்று சொன்னதாகச் சொன்னாள். அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு பெருமை.

உண்மையில் அவர் எதையும் தொடவில்லை.

இருவருக்கும் ஒரே அலுவலகம், இருபது வருஷமாக. சங்கக் கூட்டத்தில் சமத்துவம் பேச அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் மாசிலாமணியின் ஆட்கள் வாழும் காலனியில் வாய் நனைப்பதில்லை என்பது அவர் வீட்டு வழக்கம். வெளியே சொல்லிக்கொள்ளாத வழக்கம்.

அன்று பந்தி எழுந்த சந்தடியில், கை கழுவும் கூட்டத்தோடு போய்க் கலந்துகொண்டார். மாசிலாமணி ஓடிவந்து செம்பில் தண்ணீர் ஊற்றினார். ஒரு பருக்கை ஒட்டாத கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார் இவர். குழம்பைப் புகழ்ந்தும் வைத்தார்.

கெட்டிக்காரர்தான்.

"பாயசம்," என்றார் இப்போது. "எனக்குச் சர்க்கரை இருக்கு. அதனால தொடல."

பெண்ணின் முகம் மலர்ந்தது. பாயசத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். யார் காய்ச்சியது என்று கேட்டாள்.

மாசிலாமணியின் மனைவி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"நான்தாம்மா. பாப்பாவுக்குப் புடிக்கும்னு அவளுக்கு மட்டும் ரெண்டு டம்ளர் குடுத்தேன்."



அவருக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது. நான் சாப்பிடவே இல்லை என்று சொன்னால் போதும். அந்தத் தாய் தப்பிப்பாள்.

வாய் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

மாசிலாமணி கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"பாயசம்னு எழுதுனதை அடிச்சிடுங்கம்மா. சாரை இதுல சேக்காதீங்க."

மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு அவரு கைக்குத் தண்ணி ஊத்துனவன் நான்."

படிவத்தின் மேல் பேனா நின்றது.

அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.