ஒரு சமக்குறி குறைவு

தாட்சாயணி வேலை முடிந்து கணவன் சிவநேசனோடு வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு வாயைத் திறந்தது. “மத்தியானம் சிவநேசன் வந்தார்.”

“யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?” என்று முறைத்தாள்.

“நான் ஆபீஸை விட்டு நகரவே இல்லடி!”

“நீங்களே புரோகிராம் எழுதின கதவு. அது பொய் சொல்லுமாக்கும்?”

கடுப்போடு தன் புரோகிராமைத் திறந்த சிவநேசன் திடுக்கிட்டான். வந்திருப்பவர் சிவநேசனா என்று கேட்க இரண்டு சமக்குறிகள் வேண்டும். கற்றுக்குட்டி, ஒன்றுதான் போட்டிருந்தான்; ஒன்று போட்டால் அது கேள்வியல்ல, கட்டளை. கதவு கேள்வியே கேட்காமல், வந்து நின்றவனுக்குச் சிவநேசன் என்று பெயர் சூட்டி உள்ளே விட்டிருந்தது.

தாட்சாயணிக்குக் கணவன் மேலிருந்த சந்தேகம் பறந்தது.

“மத்தியானம் வந்தவர் எப்ப போனார்?” என்று கதவிடம் கிசுகிசுத்தாள்.

வீடு முழுக்கக் கேட்கும்படி கணீரென்று பதில் வந்தது. “அவர் இன்னும் போகவில்லை.”