அன்னக்கிளி போட்ட சட்டம்

"சவரமெல்லாம் நான் செய்யக் கூடாதுங்க சார். எங்க ரூல்ஸ் அப்படி."

அன்னக்கிளி ரேசரையும் சோப்பு நுரைக் கிண்ணத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கலைவாணனுக்குச் சுர்ரென்று ஏறியது.

பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துபோன அவன் அப்பா கலியமூர்த்தியைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண் அவள். கருவடிக்குப்பத்துத் தெருவே அவளை 'ஹோம் நர்ஸ்' என்றாலும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் நர்ஸ் இல்லீங்க. குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், புடிச்சி நடக்க வைப்பேன். ஊசி போட மாட்டேன். சக்கரைக்காரங்க கால் நகத்த வெட்ட மாட்டேன்" என்று வந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதைக் கேட்டுப் பூரித்துப்போனவனே கலைவாணன்தான்.

"தொழிலாளின்னா இப்படி இல்ல இருக்கணும்!" என்று மனைவி சிவசங்கரியிடம் மெச்சிக்கொண்டான்.

மெச்சாமல் என்ன செய்வான்? தட்டாஞ்சாவடி கம்பெனி ஒன்றில் அவன் யூனியன் செயலாளர். ஒருநாள் வழியில் கிடந்த ஸ்டூலை நகர்த்தச் சொன்ன மேனேஜரிடம், "அது ஹெல்பர் வேலை சார். நான் ஆபரேட்டர்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை எல்லோரையும் அந்த ஸ்டூலைச் சுற்றி நடக்கவிட்ட வீரன். அந்த வீரக்கதையை அவன் வாயால் கேட்டுக் கேட்டு அப்பாவுக்கே மனப்பாடம்.

இப்போது அதே சட்டம் ரேசரோடு வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

"அப்ப யாருதாம்மா செய்யறது?"

"வீட்டு ஆளுங்கதாங்க."

சட்டம் என்று வந்துவிட்டால் கலைவாணன் வாயைத் திறக்க முடியாது. ஹெல்பர் யாரும் இல்லாததால் ஸ்டூலை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"மெதுவாடா. மூக்கு எனக்கு இன்னும் வேணும்" என்றார் அப்பா.

அதோடு நின்றதா? அடுத்த வாரம் புதுச் சட்டம் ஒன்று வந்தது.

"சக்கர நாற்காலிய வாசலுக்கு வெளிய தள்ளிக்கிட்டுப் போவக் கூடாதுங்க. பீச்சுக்குன்னா வீட்டு ஆளுதான்."

யூனியன் கூட்டத்தை விட்டுவிட்டு, குருசுக்குப்பம் பக்கம் கடல் தெரிகிற தெருவில் நம் செயலாளர் நாற்காலி தள்ளினார். எதிரே வந்த சக தொழிலாளிகள் வணக்கம் வைத்தார்கள். அப்பா இடது கையைத் தூக்கிப் பதில் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார்.

பிறகு டீ.

"டீ போட்டுக் குடுப்பேங்க. பேஷண்டுகூட உக்காந்து குடிக்கக் கூடாது."

"சரி, அவரு தனியா குடிக்கட்டுமே."

"தனியா விடக் கூடாதுங்க. பொரை ஏறிடும். வீட்டு ஆளுதான் கூட உக்காரணும்."

சிவசங்கரி சிரித்தே விட்டாள். "ஊருக்கெல்லாம் ரூல்ஸ் பேசினீங்க. இப்ப வீட்டுக்கே வந்துடுச்சி பாருங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? கலைவாணனுக்குப் பொறுக்கவில்லை. நேரே ஏஜென்சிக்குப் போனான். அதை நடத்துகிற ஜீனத்துன்னிசா பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, ஊசியும் கால் நகமும் கூடாது, அது நெசம்தான். சவரத்துக்கும் பீச்சுக்கும் டீக்கும் யாரு தடை போட்டது? எங்க பொண்ணுங்க தெனம் செய்யறாங்களே."

"அப்ப எங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்யா?"

"வேலைக்கு டிமிக்கி குடுக்கற ஆளு எனக்கும் வேணாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே நிறுத்திடறேன்."

"வீட்டுக்குப் போயி நேர்லயே கேட்டுட்டு போன் பண்றேன் மேடம்."

கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் அன்னக்கிளியைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டான்.

"ஏஜென்சிக்குப் போயிட்டு வரேன். எல்லாம் தெரிஞ்சி போச்சி. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவள் முகம் செத்துவிட்டது. அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியவரு சொல்லக் கூடாதுன்னாரு சார்."

"எந்தப் பெரியவரு?"

"உங்க அப்பாதான். அன்னைக்கி சவரம் பண்ண நான்தான் ரேசர எடுத்தேன். அவரு தடுத்துட்டாரு. 'எம் புள்ளைய ஆசையா கூப்ட்டா, வேலை இருக்குதுன்னு போயிடுவான். ரூல்ஸுன்னு சொல்லிப் பாரு, வந்து உக்காருவான்'னாரு. பீச்சு, டீ எல்லாமே அவரு சொல்லிக் குடுத்ததுதாங்க."

கலைவாணனுக்கு இத்தனை மாதமாக அறை வாசலில் நின்று "சாப்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அன்னக்கிளி, தம்பி வந்துட்டானா?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

கலைவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டான்.

"ஏம்மா, தலைக்கு எண்ணெ தேய்க்கறதுக்காவது உங்க ரூல்ஸ்ல எடம் இருக்குதா, இல்லியா?"

அன்னக்கிளி ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு, அவனைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"கெடையவே கெடையாதுங்க சார். வீட்டு ஆளுங்கதான்!"