சகுனக் கல்

"இந்த வீட்லயும் கல்லு செவந்துச்சுன்னா, அந்த மோதிரத்தைக் கழட்டி வீடூர் டேம்ல வீசிடுவேன், சொல்லிட்டேன்!"

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியெல்லாம் அன்புச்செல்வன் பைக்கை ஓட்டிக்கொண்டே கத்தினான். பின்னால் பூவும் பழமுமாக அவன் அம்மா தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள்.

அந்த மோதிரம், செத்துப்போன அப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தது.

"சகுனக் கல்லு. நல்லதுன்னா பச்சையா இருக்கும். கெட்டதுன்னா செவந்துடும்." இது தையல்நாயகியின் சட்டம்.

பெண் பார்க்கிற வீட்டில், பெண்ணை மட்டும் பூஜை ரூமுக்குள் அழைத்துப்போய்ப் பொட்டு வைப்பாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, குத்துவிளக்குப் பக்கத்தில் கையை நீட்டுவாள். அதுவரை கிளிப்பச்சையாக இருந்த கல், குங்குமமாகச் சிவந்து நிற்கும்.

"சகுனம் சரியில்லீங்க." ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவாள்.

மயிலத்தில் அப்படித்தான். விக்கிரவாண்டியிலும் அப்படித்தான். பிரம்மதேசத்தில் கேசரியைக்கூட முழுங்க விடவில்லை.

அன்புச்செல்வனுக்கு நெற்றி உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. திண்டிவனம் மண்டபங்களுக்குச் சீரியல் செட் போடுகிற எலக்ட்ரீஷியன் அவன். ஊரான் பெயரையெல்லாம் கலர் பல்பில் எரியவிட்டவனுக்கு, பக்கத்தில் ஒரு பெண் பெயரைப் போட்டுத் தன் பெயரை எரியவிட வழியில்லை.

போன வாரம் கோட்டக்குப்பத்தில் கல் வியாபாரம் பார்க்கிற கமாலுதீன் பாய் வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனபோது, மனசு பொறுக்காமல் கொட்டித் தீர்த்தான். பாய் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சகுனமாவது ஒண்ணாவது! அந்தக் கல்லு பச்சை, செவப்பு ரெண்டையும் வெளிய விடும் தம்பி. பகல் வெளிச்சத்துலயும் வெள்ளை எல்.இ.டி.யிலயும் பச்சை தூக்கல், கல்லும் பச்சையா தெரியும். வெளக்கு, மஞ்ச பல்புன்னா செவப்பு தூக்கல், கல்லும் செவந்துடும். எல்லாம் வெளிச்சம் பண்ற வேலை!"

எலக்ட்ரீஷியனுக்கு இது போதாதா?

ஒலக்கூரில் பெண்ணின் அப்பா கோதண்டபாணி, மீசையை முறுக்கிக்கொண்டு வரவேற்றார். "எம் பொண்ணு ரோஜா, நான் கிழிச்ச கோட்டைத் தாண்டாதுங்க. நான் கட்டிக்கோன்னா கட்டிக்கும்."

காபி வருவதற்குள் அன்புச்செல்வன் எழுந்தான்.

"மாமா, உங்க பூஜை ரூம் பல்பு மினுக்கிக்கினு இருக்கு. ஹோல்டர் லூசு. ஷாக் அடிச்சிடும். ஒரு ஸ்டூல் குடுங்க, ஜல்தியா முடிச்சிடறேன்."

"பொண்ணு பார்க்க வந்த எடத்துலயும் பொறுப்பைப் பாரேன்! மாப்ளன்னா இவரு மாப்ள!"

மஞ்சள் பல்பு இறங்கியது. கல்யாண மண்டப வாசலுக்குப் போடுகிற வெள்ளை எல்.இ.டி. ஏறியது. சுவிட்சைத் தட்டியதும் படத்திலிருந்த முருகனுக்கே கண் கூசியிருக்கும். குத்துவிளக்கு எரிகிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தையல்நாயகி ரோஜாவை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அன்புச்செல்வன் முறுக்கை நிம்மதியாகக் கடித்தான்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "எல்லாரும் வாங்க!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. தையல்நாயகி விளக்குப் பக்கத்தில் கையை நீட்டினாள்.

கல், மழையில் நனைந்த மல்லாட்டைக் கொடி மாதிரி பச்சைப்பசேல் என்றிருந்தது.

"பச்சை! பச்சை!" கோதண்டபாணி குதித்தார். "ஏய், ஸ்வீட்டை எடுத்தா!"

தையல்நாயகி மோதிரத்தைப் பார்த்தாள். கையை உதறினாள். விளக்குக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அப்புறம் அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். கடைசியாக மகனைப் பார்த்தாள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, செவப்பு!" என்று அலறினாள்.

"எங்கம்மா இருக்கு செவப்பு?" கோதண்டபாணி மோதிரத்தை எட்டிப் பார்த்தார்.

"ரத்தச் செவப்பு! சகுனம் சரியில்லீங்க!"

"ஏம்மா, இத்தினி பேரு கண்ணு அவிஞ்சா போச்சு? பச்சையாதான இருக்கு!"

"உங்களுக்குப் பச்சை, எனக்குச் செவப்பு. மோதிரம் உங்களுதா, என்னுதா? எழுந்திருடா அன்பு!"

"லூசுப் பொம்பள! மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போ!" தெருமுனை வரை கோதண்டபாணியின் சத்தம் துரத்தியது. ரோஜா தலையைக் குனிந்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று அன்புச்செல்வன் நினைத்துக்கொண்டான்.

ஏரிக்கரையில் பைக்கை நிறுத்தினான்.

"நான் இப்டியே கெழவனா சாவணுமா? அது சகுனம் இல்லம்மா, வெளிச்சம்! கமாலுதீன் பாய் சொல்லிட்டாரு."

"தெரியும்டா. எங்கிட்ட அவரு எப்பவோ சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா? அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

தையல்நாயகி மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"பொட்டு வைக்கறப்ப பொண்ணு காதுல மெதுவா கேப்பேன்டா. 'எம் புள்ளயைக் கட்டிக்க உனக்கு இஷ்டமா?'ன்னு. ஒருத்தி படிக்கணும்னா. ஒருத்தி வேற பையன் பேரைச் சொன்னா. இவ, உன் மூஞ்சே புடிக்கலன்னுட்டா. எவளாவது சரின்னிருந்தா, வாசல் வெளிச்சத்துல பச்சையா காட்டியிருப்பேன்."

"ஓ..."

"அந்த மீசைக்காரனைப் பார்த்த இல்ல? பொண்ணு வேணாம்னாள்னு தெரிஞ்சா தோலை உரிச்சிடுவான். நான் வேணாம்னா, லூசுன்னு திட்டிட்டுப் போறான், போ."

அன்புச்செல்வன் பைக் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஊர்ல எந்தம்மா இப்டி ஒவ்வொரு பொண்ணா கேட்டுக்கினு இருக்காங்க?"

"என்னைப் பார்க்க வந்தப்பவும் யாரும் கேக்கலடா. கேட்டிருந்தா நீ பொறந்தே இருக்க மாட்ட. வண்டிய எடு."