சிவப்புத் தண்ணீர்

கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மாட்டவில்லை. ஆழமில்லாத கீறல். அப்படியென்றால் என் கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

அக்கா நம்பவில்லை. எங்கள் பெயிண்ட் பட்டறை ஓரம் கவிழ்ந்து கிடந்த வாளியில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு கார் கதவையே வெறித்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் வாங்கிய சூடு ஆறுவதற்குள் வீட்டு கேட்டில் உரசிவிட்டாள்.

ஒரு கீறல் விழுந்தாலும் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்பது அவள் புருஷன், என் மாமா போட்ட சட்டம். கார் புதிதாக வந்த நாளிலிருந்து அவர் ஒருவர்தான் ஓட்டினார். ஒரு பொட்டுக் கீறல் விட்டதில்லை என்று சொல்லிச் சொல்லி எங்கள் காது புளித்துவிட்டது.

வாட்டர் வாஷுக்கு விட்டிருப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆபீஸ் விட்டு நேராக இங்கேதான் வருவார்.

வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். கம்பெனி பெயிண்டின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். அதைத் தேய்த்தால் தண்ணீர் பால் மாதிரி வழியும். நிறம் கலந்து வந்தால் போச்சு, பேப்பர் பெயிண்டைத் தொட்டுவிட்டது.

நாலு இழுப்புதான். தண்ணீர் சிவப்பாக வழிந்தது.

பேப்பரைச் சட்டென்று எடுத்துவிட்டேன். அக்கா எழுந்துவிட்டாள்.

சும்மா நாலு இழுப்பில் பெயிண்ட் வரைக்கும் போகிற கை இல்லை என் கை. பக்கத்துக் கதவின் ஓரத்தில் லேசாகத் தேய்த்தேன். வெள்ளை. பானெட்டில் தேய்த்தேன். அதுவும் வெள்ளை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தேய்த்துக் காட்டச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தாள்.

பிறகு தேய்த்த இடங்களில் எல்லாம் பாலிஷ் வைத்து மெஷினை ஓட்டினேன். கீறல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. இனி அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மாமா வந்தார். வழக்கம்போல வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். திருப்தியாகக் கையை நீட்டினார், சாவிக்கு.

அக்கா சாவியைக் கொடுக்கவில்லை.

"நான் கேட்டுல உரசிட்டேங்க. தம்பி சரி பண்ணிட்டான். ஆனா இந்தக் கதவுக்கு முன்னாடி ஒரு தடவை பெயிண்ட் அடிச்சாங்களே, அந்தக் கடைக்கு இனிமே போகாதீங்க. கிளியர் கோட்டே போடல."

மாமா என்னைப் பார்த்தார். நான் பேப்பரை அலசிக்கொண்டிருந்தேன்.

அவர் நீட்டிய கையை மடக்கினார். அந்தப் பக்கம் போய் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.